ஆறு மார்க்

வீட்டில் யாருக்கு எங்கே வலித்தாலும் பிரிசில்லாவிடம் சொல்வதில்லை என்று ஒரு வழக்கம் வந்துவிட்டது. யாரும் உட்கார்ந்து பேசி எடுத்த முடிவில்லை. அதுவாக வந்தது.

திங்கட்கிழமை காலையில் எட்வின் இட்லியை இடது பக்கமே ஒதுக்கி மென்றுகொண்டிருந்ததைப் பார்த்த பிறகுதான் அவளுக்குச் சந்தேகம் தட்டியது. வலது கன்னம் லேசாக உப்பியிருந்தது.

"பல்லு வலிக்குதா?"

"இல்லையே."

"பின்ன ஏன் ஒரு பக்கமா மெல்லுறீங்க?"

"அந்தப் பக்கம் சட்னி நல்லா இருக்கு," என்றார் எட்வின்.

ஷெரினுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. இரண்டாம் வகுப்புப் படிக்கிறவள். "அப்பாவுக்கு சனிக்கிழமையே பல்லு வலி வந்துருச்சும்மா. உன்கிட்ட சொல்லாதன்னாங்க. சொன்னா நீ ஒரு மார்க்தான் போடுவியாம்."

"நான் எப்ப அப்படிப் போட்டேன்?"

"நான் முட்டியச் செராச்சிக்கிட்டு வந்தப்ப அரை மார்க்னு சொன்னியே."

பிரிசில்லா கணவனைப் பார்த்தாள். எட்வின் சைதாப்பேட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். தலை நிமிராமல், இடது கட்டை விரலால் அதே கையின் மோதிர விரலில் இருந்த கல்யாண மோதிரத்தை உருட்டிக்கொண்டிருந்தார். வகுப்பில் பையன்கள் கத்தும்போதும், மாமியார் போனில் புத்தி சொல்லும்போதும் அவர் செய்கிற காரியம் அது.

"கிராம்பு வச்சுக் கடிங்க. பல்வலி மூணு தாண்டாது. நான் எவ்வளவு பாத்திருக்கேன்," என்று சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான், 'டாக்டரிடம் போவோமா' என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்று தோன்றியது. நாக்கு முந்திக்கொண்டுவிட்டது. இப்போதெல்லாம் அது எப்போதும் முந்திக்கொள்கிறது.

பிரிசில்லா நர்ஸ்தான். ஆனால் ஆஸ்பத்திரியில் இல்லை. பெருங்குடியில், ஒரு மருத்துவக் காப்பீட்டு நிறுவனத்தின் ஐந்தாம் மாடியில் வேலை. அவளுடைய மேசையில் ஊசியோ பஞ்சோ கிடையாது. கையில் கட்டிக்கொள்ள ஒரு வலிப்பட்டை மட்டும் உண்டு. ஆபரேஷனுக்கு அனுமதி கேட்கிற நோயாளி எந்த ஊர் ஆஸ்பத்திரியில் இருந்தாலும் அவர் கையிலும் ஒரு பட்டையைக் கட்டுவார்கள். பொத்தானை அழுத்தினால் அங்கே வலிப்பது இங்கேயும் வலிக்கும், ஒரு நிமிடத்துக்கு. வாங்கிப் பார்த்துவிட்டு நர்ஸ் பத்துக்கு மார்க் போட வேண்டும். ஆறோ அதற்கு மேலோ போட்டால் அனுமதி. குறைந்தால் மாத்திரையை விழுங்கிக்கொண்டு காத்திருக்க வேண்டியதுதான்.

வேலைக்குச் சேர்ந்தபோது பெரிய விஷயமாகத்தான் இருந்தது. பாளையங்கோட்டையில் வார்டில் நின்ற காலத்தில், வலிக்கிறது என்று அழுத எத்தனையோ பெண்களை டாக்டர்கள், 'சும்மா கத்தாதம்மா' என்று அதட்டிவிட்டுப் போவதை அவள் பார்த்திருக்கிறாள். இனிமேல் வலியை யாரும் நம்பாமல் இருக்க முடியாது என்று அந்தப் பட்டையைக் காட்டிச் சொன்னார்கள். அதை நம்பித்தான் வார்டை விட்டு வந்தாள்.

இப்போது திரையில் முகம்கூட வருவதில்லை. 'முதுகு, ஆண், ஐம்பத்திரண்டு' என்று வரும். வலிக்கும். மார்க் போடுவாள். 'கணுக்கால், பெண், பத்தொன்பது' என்று அடுத்தது வரும். பெயர் கேட்கக் கூடாது. ஆறுதல் சொல்லக் கூடாது. மார்க்கைச் சொல்லவே கூடாது. அதைத்தான் எல்லாரும் கேட்பார்கள். பட்டையை அணைக்கிற நேரத்தில் ஒலிபெருக்கியில் அந்தக் குரல் வரும்: "எவ்வளவு சிஸ்டர்?"

அன்றைக்கும் முதல் கேஸ் சிறுநீரகக் கல்தான். முதல் கேஸுக்கு மட்டும் ஆறு என்று மார்க் முன்பே போட்டு வரும். வலது விலாவுக்குக் கீழே யாரோ கத்தியை வைத்துத் திருகுவது போல ஆரம்பித்து, முதுகைச் சுற்றி, தொடை வரைக்கும் இறங்கும். மூச்சு தானாக நின்றுவிடும். வலியோடு அந்த ஆளின் உடம்பும் கொஞ்சம் வரும். அவர் பல்லைக் கடித்தால் இவள் தாடை இறுகும், அவர் விரலை அசைத்தால் இவள் விரலும் அசையும். கல் முடிந்த பிறகு வேர்வையைத் துடைத்துக்கொண்டு தண்ணீர் குடித்தால், அன்றைய மற்ற கேஸ்களை அவள் உட்கார்ந்த இடத்திலேயே முடித்துவிடுவாள். முதுகு இரண்டு. கணுக்கால் ஒன்றரை. பித்தப்பை நாலு.

மதியத்துக்கு மேல், இந்த வாரத்து மறுபரிசீலனைப் பட்டியல் வந்தது. 'அடிவயிறு, பெண், முப்பத்தொன்று, மதுரை' என்று இருந்தது. பார்த்தவுடன் ஞாபகம் வந்துவிட்டது. போன மாதம் பெயர் சொல்லக் கூடாது என்ற விதியை மீறிப் பெயர் சொன்னவள்.

"என் பேரு உமையாள் சிஸ்டர். ஜவுளிக் கடையில சேல்ஸ்ல நிக்கிறேன். நீங்கதான் என் வலிய வாங்கிப் பாத்தீங்களா? இதுவரைக்கும் யாருக்கும் காட்ட முடியல சிஸ்டர். எங்க அம்மாகூட எல்லாப் பொம்பளைக்கும் வர்றதுதானேன்னு சொல்றாங்க. எவ்வளவு சிஸ்டர்?"

பிரிசில்லா பதில் சொல்லாமல் நாலு போட்டிருந்தாள்.

கருப்பைக்குள் இருக்க வேண்டிய சவ்வு வெளியே வயிற்றுக்குள் வளர்கிற நோய். மாதாமாதம் அந்த நாட்களில் வலி உச்சத்துக்குப் போகும். இப்போது மதுரை டாக்டர் புதிதாக எழுதியிருந்தார்: கடையில் வாடிக்கையாளருக்குச் சேலை விரித்துக் காட்டிக்கொண்டிருக்கும்போதே மயங்கி விழுந்துவிட்டாள், சவ்வு குடலோடு ஒட்ட ஆரம்பித்துவிட்டது, தள்ளிப்போட்டால் குடலையும் வெட்ட வேண்டி வரும். இரண்டாம் முறையும் ஆறு வராவிட்டால் நிறுவனம் அந்தக் கோரிக்கையை ஒரு வருஷத்துக்குத் திறக்காது. முதலில் பார்த்த நர்ஸே மறுபடியும் பார்க்க வேண்டும் என்பது விதி. வியாழக்கிழமை, பிரிசில்லாவின் மேசை.

நாலு மார்க் வலிக்கு யாராவது மயங்கி விழுவார்களா? அன்று முழுவதும் அந்தக் கேள்வி செருப்பில் சிக்கிய கல்லாக உறுத்திக்கொண்டே இருந்தது.

செவ்வாய்க்கிழமை அலுவலகத்தில் யாருக்கோ பேரன் பிறந்ததற்கு ஜாங்கிரி கொடுத்தார்கள். பிரிசில்லா ஒன்றை முழுதாகத் தின்றுவிட்டு, மெஷினில் காப்பி பிடித்து ஒரு வாய் குடித்தாள். முகம் சுளித்தது.

"இன்னிக்கு மெஷின்ல சக்கரை தீந்துபோச்சு போல."

பக்கத்து மேசை மெஹருன்னிசா சிரித்தாள். பிரிசில்லாவைவிட மூத்தவள், ஆம்பூர்க்காரி. "ஜாங்கிரியத் தின்னுட்டுக் குடிச்சா எந்தக் காப்பில சக்கரை இருக்கும்? நான் குடிக்கிறேன், இனிக்குது."

பிரிசில்லா கோப்பையைக் கீழே வைத்தாள்.

"அக்கா, உங்களுக்குக் காலைல முதல் கேஸ் என்ன வந்துச்சு?"

"கல்லு."

"நேத்து?"

"கல்லுதான். ஏன்?"

"எனக்கும் தினமும் கல்லுதான். ஒரு நாள்கூட தலைவலியோ காதுவலியோ முதல்ல வந்ததில்ல."

"ஜனங்க தண்ணி குடிக்கிறதில்லம்மா," என்றாள் மெஹர். சொல்லிவிட்டு அவளே யோசனையில் ஆழ்ந்தாள். "உன் கல்லு எந்தப் பக்கம்?"

"வலது விலா. சுத்தி முதுகுக்குப் போயி, தொடைக்கு எறங்கும்."

"கடைசில ஒரு நடுக்கம் வருமா? அப்புறம் ஒரு சின்ன பெருமூச்சு?"

"ஆமா."

"கை?" என்று மெஹர் இடது கையைத் தூக்கிக் காட்டினாள். கட்டை விரல் மோதிர விரலின் அடியைத் தேய்த்துக்கொண்டிருந்தது. "முதல் கேஸ் முடிஞ்சதும் இத நான் ரொம்ப நேரம் செஞ்சிட்டிருப்பேன். எனக்கு மோதிரம் போடற பழக்கமே கெடையாது. எதுக்குச் செய்றேன்னு எனக்கே தெரியாது."

பிரிசில்லா தன் கையைப் பார்த்தாள். அவள் விரலும் அதே வேலையில் இருந்தது. எதிர்வரிசையில் இன்னும் இரண்டு நர்ஸ்களிடம் கேட்டார்கள். அவர்களுக்கும் அதே விலா, அதே தொடை, அதே பெருமூச்சு.

தினமும் காலையில் எல்லாருக்கும் ஒரே ஆளின் ஒரே கல்.

மருத்துவப் பிரிவுத் தலைவர் டாக்டர் கோகுல்நாத் வயதில் சின்னவர், மரியாதை தெரிந்தவர். பிரிசில்லா கேட்டதும் அவர் மழுப்பவில்லை. "கண்டுபிடிச்சிட்டீங்களா சிஸ்டர்? அது நோயாளி இல்ல. பதிவு. பாடறதுக்கு முன்னால சுருதி சேத்துக்கறோம்ல, அந்த மாதிரி. நாப்பது நர்ஸ் நாப்பது விதமா மார்க் போட்டா நியாயமா இருக்குமா? எல்லாரும் ஒரே இடத்துல இருந்து ஆரம்பிக்கணும்."

"சுருதி இல்ல டாக்டர், ஜாங்கிரி."

"என்னது?"

"அவ்வளவு பெரிய வலிய முதல்ல குடுத்துட்டீங்கன்னா அதுக்கப்புறம் வர்றது எல்லாமே சப்புன்னுதான் இருக்கும். மயக்கம் போட்டு விழுந்த பொண்ணுக்கு நான் நாலு போட்டிருக்கேன்."

"அந்தக் கல்லுக்கு மார்க் ஆறு. அத நாங்க போடல, அந்த நோயாளியே போட்டது," என்றார் கோகுல்நாத். "பட்டை புதுசா வந்த வருஷம் நாலஞ்சு ஊர் ஆஸ்பத்திரிகள்ல இருந்து மாதிரி எடுத்தாங்க."

"தெரியும். நானே நெறைய எடுத்துக் குடுத்திருக்கேன்."

"அப்பப் புரியும் உங்களுக்கு. அதுல இந்தப் பதிவுதான் சுத்தமா இருந்துச்சு. ஆளு நிதானமானவர்னு குறிப்பும் இருக்கு. அதனால அவரையே அளவா வச்சோம். அவர் கல்லு ஆறுன்னா, அதுக்குக் கீழ இருக்கறது ஆறுக்குக் கீழ. அவ்வளவுதான் கணக்கு."

"அவர் தப்பாச் சொல்லியிருந்தா?"

"அவரே வந்து நான் சொன்னது தப்புன்னு எழுதிக் குடுத்தா மாத்தலாம். ஒப்புதல் விதியில அப்படித்தான் இருக்கு." அவர் லேசாகச் சிரித்தார். "பேர்கூடக் கெடையாது. எந்த ஊர்ல போய்த் தேடுவீங்க சிஸ்டர்? நீங்க இங்க இருக்கறதுலயே நல்ல நர்ஸ். மனசப் போட்டுக் குழப்பிக்காதீங்க."

நல்ல நர்ஸ். வெளியே வந்தபோது அவளுக்கு அழுகை வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. யார் மீது என்றுதான் தெரியவில்லை. எல்லாம் சரியாகத்தான் நடக்கிறது. யாரும் பொய் சொல்லவில்லை. யாரும் யாரையும் திட்டவில்லை. முதல் கேஸை முடிக்காமல் கணினி அடுத்ததைத் திறக்காது, அவ்வளவுதான். அந்த உமையாள் இன்னொரு நாலு வாங்கிக்கொண்டு சேலை விரிக்கப் போவாள்.

புதன்கிழமை சாப்பாட்டு நேரத்தில் மெஹரிடம் புலம்பித் தீர்த்தாள். மெஹர் எலுமிச்சை சாதத்தைக் கிளறிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"பட்டைக்கு யார் கைன்னு தெரியுமா?" என்றாள் கடைசியில்.

"தெரியாது. மேசை நம்பர்தான் தெரியும்."

"அப்ப நாளைக்குக் காலைல உன் மேசைல நான் உக்காந்து உன் கல்ல வாங்கிக்கறேன். அப்புறம் என் மேசைக்குப் போயி என்னத வாங்கிக்கறேன். நீ வெறும் கையோட அந்தப் பொண்ணப் பாரு."

"ரெண்டு தடவையா? வேணாங்கக்கா."

"மூணு புள்ள பெத்த ஒடம்பு இது. மூணாவது நாலரைக் கிலோ." மெஹர் டப்பாவை மூடினாள். "பதிலுக்கு ஒரு வாரம் நீதான் மீன் கொழம்பு கொண்டு வர்ற. உங்க ஊர்ப் பக்கம் வைக்கிற மாதிரி, தேங்கா அரைச்சு."

வியாழக்கிழமை காலை பிரிசில்லா காப்பி மெஷின் அருகே நின்றாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம், தன் நாற்காலியில் மெஹர் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு குனிவது தெரிந்தது. பிறகு எழுந்து, விலாவைப் பிடித்தபடி நாலு எட்டு நடந்து, தன் நாற்காலியில் உட்கார்ந்து இன்னொரு தடவை குனிந்தாள். நிமிர்ந்தபோது உதடு வெளுத்திருந்தது. கண்ணாலேயே 'போ' என்றாள்.

பிரிசில்லா பட்டையைக் கட்டினாள். 'அடிவயிறு, பெண், முப்பத்தொன்று.' பொத்தானை அழுத்தினாள்.

முதலில் அது வலி என்றே புரியவில்லை. அடிவயிற்றில் பழுக்கக் காய்ச்சிய கம்பியை விட்டு யாரோ சுருட்டி இழுத்தது போல இருந்தது. இடுப்பு கழன்றது. கண்ணுக்கு முன்னால் திரை மங்கியது. எழுந்துவிட வேண்டும் என்று நினைத்தாள், கால் கேட்கவில்லை. இதை வைத்துக்கொண்டா ஒருத்தி காலையிலிருந்து நின்றுகொண்டு, சிரித்த முகத்தோடு, 'இந்தக் கலர் உங்களுக்கு எடுப்பா இருக்கும்க்கா' என்று சொல்கிறாள்? பட்டை அணைந்த பிறகும் பிரிசில்லாவுக்கு மூச்சு திரும்பச் சற்று நேரம் ஆயிற்று. இதற்கா நாலு போட்டேன்?

ஒலிபெருக்கியில் குரல் வந்தது. இந்த முறை பெயர் சொல்லவில்லை. கேட்டுத்தான் ஆக வேண்டும் என்பதற்காகக் கேட்பது போல, "எவ்வளவு சிஸ்டர்?" என்றது.

பதில் சொல்லக் கூடாது. குரல்கள் எல்லாம் பதிவாகும்.

"தாங்க முடியலம்மா," என்றாள் பிரிசில்லா. "என்னால ஒரு நிமிஷம் தாங்க முடியல."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

"அப்ப நெஜமாவே வலிக்குதா சிஸ்டர்? போன மாசம் பத்தலைன்னு சொன்னதுக்கப்புறம் எனக்கே சந்தேகம் வந்துருச்சு. நானாத்தான் பெருசு பண்றேனோன்னு. விழுந்தன்னைக்குக்கூட வேணும்னு விழுந்தேனோன்னு..."

பிரிசில்லா ஒன்பது போட்டாள். திரையில் பச்சை விளக்கு எரிந்தது. ஆபரேஷனுக்கு அனுமதி.

அடுத்த அரை மணியில் கோகுல்நாத் வந்துவிட்டார். நாலு எப்படி ஒன்பதாயிற்று என்று கேட்டார். வலி கூடியிருக்கிறது என்றாள். நோயாளியிடம் பேசியதற்கு ஓர் எச்சரிக்கை வரும் என்றார். வரட்டும் என்றாள். நர்ஸ் போட்ட மார்க்கை மாற்ற அவருக்கும் அதிகாரம் இல்லை. அவர் போன பிறகு மெஹர் சுடுநீர்ப் பையை விலாவில் வைத்துக்கொண்டு மெதுவாகக் கேட்டாள்.

"நாளைக்கும் ஒரு அடிவயிறு இருக்கு பிரிசி. நாளன்னைக்கும் இருக்கும். எத்தன கல்ல நான் வாங்குவேன்?"

பிரிசில்லா தன் திரையைப் பார்த்தாள். போன வருஷம் முழுக்க அவள் கையால் போட்ட நாலுகளும் மூன்றுகளும் ஊர் ஊராக எங்கெங்கோ படுத்துக் கிடக்கின்றன. அவற்றின் முகம்கூட அவளுக்குத் தெரியாது.

வெயில் இறங்குவதற்குள் வீட்டுக்கு வந்துவிட்டாள். எட்வின் பரீட்சைத் தாள்களைப் பரப்பி வைத்துத் திருத்திக்கொண்டிருந்தார். கன்னம் நன்றாகவே வீங்கியிருந்தது. அவளைக் கண்டதும் வீங்கிய பக்கத்தைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பிக்கொண்டார். நாலு நாளாக இப்படித்தான் திருப்பிக்கொண்டிருக்கிறார் போல.

பிரிசில்லா பையைக்கூட இறக்காமல் எதிரில் உட்கார்ந்தாள்.

"என்னங்க, ரொம்ப வலிக்குதா?"

"சேச்சே. ரெண்டு மார்க். பாஸே ஆகாது."

சிரித்தார். சிரிக்கும்போது தாடை இறுகியது. தாள்களுக்கு அடியில் இடது கை அசைந்தது. பிரிசில்லா தாள்களை விலக்கிப் பார்த்தாள். கட்டை விரல் மோதிரத்தை உருட்டிக்கொண்டிருந்தது. ஒரு சுற்று, நிறுத்தம், இன்னொரு சுற்று. பிறகு அவர் அறியாமலே ஒரு சின்ன பெருமூச்சு.

அவளுடைய இடது கை, மடியில் கிடந்தபடியே, அதே சுற்றைச் சுற்றியது. காலைதோறும் சுற்றிப் பழகிய கை.

வீடு ஒரு நொடி அப்படியே நின்றுபோனது போல இருந்தது.

ஷெரின் வயிற்றில் இருந்த சமயம், பாளையங்கோட்டையில். அவள் வேலை பார்த்த ஆஸ்பத்திரிக்கே அவரை வாந்தியும் வேர்வையுமாகக் கொண்டு வந்தார்கள். ஸ்கேனில் கல் என்று தெரிந்தது. அந்த மாதம்தான் வலிப்பட்டைகள் புதிதாக வந்திருந்தன. மாதிரி கொடுக்கச் சம்மதமா என்று கேட்டு, அவர் கையில் அவள்தான் கட்டினாள். பதிவு முடிந்து கழற்றிய பட்டையை அவள்தான் துடைத்து அனுப்பினாள். 'நிதானமானவர்' என்று குறிப்பு எழுதியதும் அவள்தான்.

"உங்களுக்குக் கல் வந்துச்சே," என்றாள். "பட்டை கட்டிட்டு எத்தனைன்னு கேட்டேன். என்ன சொன்னீங்க?"

"அது எதுக்கு இப்ப?"

"சொல்லுங்க."

"ஆறுன்னேன்."

"ஆறா அது?"

எட்வின் பேனாவை மூடினார். "நீ ஏழு மாசம். காலெல்லாம் வீங்கிப்போயி கட்டில் கம்பியப் புடிச்சிக்கிட்டு நின்ன. உன் மொகத்தப் பாத்தேன். உண்மையச் சொன்னா அங்கயே உக்காந்து அழுதிருப்ப. அஞ்சுன்னா நம்ப மாட்ட, ஆறுன்னேன்." அவர் அவளை உற்றுப் பார்த்தார். "ஏன் பிரிசி அழுற? எப்பவோ முடிஞ்சது."

முடியவில்லை. நாற்பது மேசைகளில் அது இன்றைக்குக் காலையிலும் வலித்தது.

சொன்னாள். ஜாங்கிரியிலிருந்து ஆரம்பித்து, மெஹர் குனிந்தது வரைக்கும், உமையாள் சொன்னது வரைக்கும் எல்லாவற்றையும் சொன்னாள். எட்வின் மோதிரத்தை உருட்டுவதை நிறுத்தி, அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் சொன்ன ஒரு ஆறுக்கா இவ்வளவும்?"

"இப்ப பல் டாக்டர்கிட்ட போறோம். ஷெரினக் கூப்பிடுங்க, அவளையும் கூட்டிட்டுப் போவோம். நாளைக்கு ஸ்கூலுக்கு லீவு சொல்லிட்டு என்கூட ஆபீஸுக்கு வாங்க. அந்த ஆளே வந்தா மாத்தறோம்னு எங்க டாக்டர் சொல்லியிருக்கார்."

"மறுமதிப்பீடா?" என்றார் வாத்தியார், தாள்களை அடுக்கிக்கொண்டே. "போன வருஷம் போட்ட மார்க்கெல்லாமும் திருத்தணுமே. ஒத்துக்குவாங்களா?"

"முதல்ல ஒண்ணத் திருத்துவோம். அங்க கேப்பாங்க, அப்ப சரியாச் சொல்லணும்." அவள் அவர் இடது கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டாள். "எத்தனைங்க அது?"

அன்றைக்குப் பார்த்தது போலவே எட்வின் அவள் முகத்தைப் பார்த்தார். அது தாங்குமா என்று இன்னமும் அளந்தார். பிரிசில்லா கண்ணைத் துடைத்துக்கொள்ளாமல் அப்படியே காட்டினாள்.

"பத்து," என்றார்.